தாள் மூலையில் ஒரு குறி

ஆர்ப்ரோத்
4 செப்டம்பர் 1911

தம்பி வால்டருக்கு ஹெக்டர் எழுதுவது.

கில்மோரன் தேவாலயத்தை வரைந்தவன் நான். அடித்தளத் தாள் முதல் மணிக்கூண்டின் கடைசிக் கல் வரை என் கை. அதை நீ உன் பெயரில் கொடுத்தாய், உன் பெயரில் திறக்க வைத்தாய், உன் பெயரில் பாராட்டு வாங்கினாய். பதின்மூன்று வருடமாக இந்த அநியாயம் அந்தக் கட்டடத்தைப் போலவே விரிசல் விடாமல் நிற்கிறது.

இதைச் சொன்ன பிறகுதான் நலம் விசாரிப்பது என்று இருந்தேன். இப்போது விசாரிக்கிறேன். நலமா? நீயும் மார்ஜரியும் ரோத்சேயில் வீடு எடுத்துத் தங்கியிருப்பதாக உன் அலுவலகத்து டன்னெட் எழுதியிருந்தான். கடற்காற்று ஒத்துக்கொள்கிறதா? எனக்கு முழங்கால் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

காரணம் இல்லாமல் எழுதவில்லை. உனக்குக் கிடைத்த ஒப்பந்தப் பயிற்சி இல்லாமல், பரீட்சை எழுதாமல், வேலை செய்தே தொழில் கற்றவர்களுக்கும் லண்டன் கட்டடக் கலைஞர் கழகம் கதவைத் திறந்திருக்கிறது. மார்ச் மாதக் கடைசியில் மூடிவிடும். வரைந்த கட்டடங்களை எழுதி அனுப்ப வேண்டும். அவை இவனுடையவைதான் என்று அப்போது வேலை கொடுத்தவர் கையெழுத்திட வேண்டும். எனக்கு இருபது வருடத்துக்கு மேல் வேலை கொடுத்தவர் ஒரே ஒருவர். என் தம்பி.

அறுபத்து மூன்று வயதில் இது எதற்கு என்று கேட்பாய். ஆக்மித்தி மீனவர்கள் ஒரு வாசகசாலை கட்டப்போகிறார்கள். இரண்டு அறை, ஒரு கணப்பு, கடலைப் பார்த்து மூன்று ஜன்னல். என்னைத்தான் வரையச் சொன்னார்கள். இடம் கொடுக்கும் நிலக்காரர் குறுக்கே நிற்கிறார். "பேருக்குப் பின்னாடி கழகத்து எழுத்து இல்லாத ஆளு வரைஞ்ச தாளை நான் கையால தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். நான் வரைந்தவை கிளாஸ்கோவிலிருந்து இந்தக் கரை வரை நிற்கின்றன. ஒன்றிலும் என் பெயர் இல்லை. இந்த இரண்டு அறையிலாவது இருக்கட்டும்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பகுதியில் எழுத வேண்டியது ஒரு வாக்கியம், ஒரு கையெழுத்து. கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

மார்ஜரிக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
ஹெக்டர் ரிண்டூல்


ரோத்சே
2 அக்டோபர் 1911

அன்புள்ள அண்ணன் ஹெக்டருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மணிக்கட்டில் வாதம் வந்து பேனா பிடிக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல மார்ஜரி எழுதுகிறாள்.

இங்கே நல்ல காற்று. ஜன்னலிலிருந்து விரிகுடா முழுவதும் தெரிகிறது. காலையில் ஹெர்ரிங் படகுகள், மாலையில் கிளாஸ்கோ நீராவிக் கப்பல். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்கிறார். மழை விட்டால் கொஞ்சம் நடக்கிறோம்.

படிவம் வந்து சேர்ந்தது. கில்மோரன் தாள்கள் எல்லாம் கிளாஸ்கோ அலுவலகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தபின் எழுதுவதுதான் முறை. அவசரம் வேண்டாம். குளிருக்கு முன்பு நல்ல கம்பளிக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கள் நலம் கோரும்
வால்டர்


ஆர்ப்ரோத்
6 அக்டோபர் 1911

வால்டர்,

நாற்பது வருடமாக என்னை 'ஹெக்' என்று எழுதியவன் நீ. இப்போது 'அன்புள்ள அண்ணன் ஹெக்டருக்கு' என்று எழுதுகிறாய், அதுவும் மனைவியின் பேனாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு. உன் மணிக்கட்டு சீக்கிரம் குணமாகட்டும். மனச்சாட்சிக்கு வாதம் வந்தால்தான் மருந்தில்லை.

தாள்களைப் பார்க்க வேண்டுமா? எந்தத் தாளை? அவற்றில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் வரைந்து முடிக்கும் ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் நம் அப்பாவின் கொத்துக்குறியைச் சின்னதாகப் போடுவேன். மணற்கடிகாரம் போல இரண்டு முக்கோணம், இடுப்பில் குறுக்கே ஒரு கோடு. அப்பா செதுக்கிய கல்லில் எல்லாம் அது இருக்கும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எந்தக் கல் தன்னுடையது என்று அவரால் சொல்ல முடிந்தது. நீ ரப்பரோடு வந்து நிற்பாய். "ஆபீஸ் தாள்ல கொத்தன் குறி எதுக்கு ஹெக்? கட்டடம் கேட்டு வர்றவங்க பாத்தா சிரிக்க மாட்டாங்களா?" என்பாய். உன் கையாலேயே அழிப்பாய். தாள் கிழியாமல் அழிக்க உனக்கு நன்றாக வரும். எடின்பரோவில் பிட்கெய்ர்ன் ஐயாவிடம் ஐந்து வருடம் கற்றுக்கொண்டது அல்லவா.

அந்த ஐந்து வருடத்துக்கு உன்னை அனுப்பினார்கள் என்று நான் வருத்தப்பட்டதில்லை. இரண்டு பேரில் ஒருவனைத்தான் அனுப்ப முடியும். நான் ஏற்கனவே கல்பட்டறையில் சம்பாதித்துக்கொண்டிருந்தேன். நீ சனிக்கிழமைதோறும் பாழடைந்த மடங்களை அளந்து வரைந்தாய். மாலையில் கலைப்பள்ளிக்குப் போனாய், இத்தாலிக்குப் போய் ஆறு மாதம் தூண்களைப் பார்த்துவிட்டு வந்தாய். எனக்குக் கிடைத்த கலைப்பள்ளி, வைக்கோல் பரண். வாரத்தில் கை சும்மா இருக்கும் ஒரே நாள் ஞாயிறு. அந்த நாளில் கோடு போடுவது பாவம். கல்குவாரி மேலாளர் இரவல் கொடுத்த தூண்கள் பற்றிய புத்தகத்தை வைத்துக்கொண்டு பரணில் படுத்தே வரைவேன். ஒன்பது வயசுப் பயலாக நீ ஏணியடியில் காவல் நிற்பாய். ஓய்வுநாளில் சீட்டி அடிப்பதும் பாவம், அதனால் அம்மா வந்தால் இருமுவாய். நான் தாளை வைக்கோலுக்குள் தள்ளுவேன். ஒரு நாள் இருமல் வர நேரமாகிவிட்டது. அம்மா பாதி ஏணியில் நின்று கத்தியது இப்போதும் கேட்கிறது. "ஓய்வுநாள்ல கோடு போடுறியாடா? பாரு, சாத்தான் மறுமுனையில அளவுகோலப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான்!" நீ கீழேயிருந்து, "அது சாத்தான் இல்லம்மா, நான்தான்" என்றாய். இரண்டு பேருக்கும் அடி விழுந்தது.

அந்தப் பயலைத்தான் கில்மோரன் திறப்புவிழாவில் தேடினேன். நகரத் தலைவர் உன் தோளில் கை போட்டுப் பேசினார். எனக்குக் கொடுத்த இடம் மாடியில், ஒரு தூணுக்குப் பின்னால். நான் வரைந்த தூணே என் முகத்தை மறைத்தது. வெளியே வரும்போது சபை மூப்பர் ஒருவர் என்னைக் காட்டி, "இவரு யாரு?" என்று கேட்டார். "நம்ம ஆபீஸ்ல கோடு போடுறவரு" என்றாய். அண்ணன் என்றுகூடச் சொல்லவில்லை.

கையெழுத்துப் போடு. குளிர் வருகிறது, மார்பில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்.

ஹெக்டர்


ரோத்சே
20 நவம்பர் 1911

ஹெக்டர் அண்ணனுக்கு மார்ஜரி எழுதிக்கொள்வது. இங்கே நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். அவருக்கு வேலை அதிகம். லார்க்ஸ் பள்ளிக்கூடத்தின் வரைபடங்கள் வசந்தத்துக்குள் போக வேண்டும். டன்னெட் வாரம் ஒரு முறை கப்பலில் வந்து கேட்டுவிட்டுப் போகிறான். இந்த நேரத்தில் பழைய விஷயங்களைக் கிளற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்ட புத்தாண்டு விருந்தை நான் மறக்கவில்லை, அண்ணா. பன்னிரண்டு பேர் முன்னால் அவரைப் பார்த்துச் சொன்னீர்கள். "உன் கை நடுங்குற அன்னைக்கு வாசல்ல இருக்கிற பித்தளைப் பலகையில எம் பேரு ஏறும்டா." மறுநாள் வேலையை விட்டுப் போனீர்கள். ஐந்து வருடம் ஆகிறது. அந்தச் சொல் இன்னும் எங்கள் மேஜையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அவரிடம் உங்கள் கடிதங்களைப் படித்துக் காட்டுகிறேன். கேட்டுக்கொள்கிறார்.

மரியாதையுடன்
மார்ஜரி


ஆர்ப்ரோத்
27 நவம்பர் 1911

மார்ஜரிக்கு,

நலம். நலமே அறிய ஆவல்.

பித்தளைப் பலகையைப் பற்றி நான் சொன்னது உண்மை. மறுக்கவில்லை. கோபத்தில் சொன்னேன் என்றும் சொல்லமாட்டேன், அன்று நான் கோபமாக இல்லை. பலகையில் ஏற இப்போது எனக்கு ஆசை இல்லை. பலகையை அவனே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது ஒரு வாக்கியம்.

பழைய விஷயம் என்கிறாய். கட்டடம் நிற்கும்வரை அது பழைய விஷயம் ஆகாது. கில்மோரனில் ஒவ்வொரு ஞாயிறும் நானூறு பேர் அந்தப் பழைய விஷயத்துக்குள்தான் உட்கார்ந்து பாடுகிறார்கள்.

ஆக்மித்திக்காரர்கள் போன வாரம் வந்தார்கள். நான்கு பேர், நனைந்த சட்டையோடு. படகுக்காரர் கார்கில்தான் பேசினார். "ஐயா, உங்களுக்குக் கழகத்து எழுத்து வருமா வராதா? வரலைன்னா சொல்லிடுங்க. எங்களுக்கு உங்க தாள்தான் புடிச்சிருக்கு. ஆனா நிலக்காரரு டண்டீயிலேருந்து ஒரு ஆளக் கூட்டிட்டு வரேங்கறாரு." வசந்தம்வரை பொறுக்கச் சொன்னேன். எனக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் திருமதி ஸ்பிங்க் கதவருகிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும், "கூடப் பொறந்தவன்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கத் துப்பில்ல, ஊருக்கு வாசகசாலை கட்டப் போறாராம்" என்றாள். புகைத்த மீனைத் தட்டில் வைக்கும்போது தட்டு உடையவில்லை என்பதே அதிசயம்.

அவனுக்கு வேலை அதிகம் என்றால் லார்க்ஸ் தாள்களை எனக்கு அனுப்பு, நான் முடித்துத் தருகிறேன். அந்த நேரத்தில் அவன் கையெழுத்துப் போடட்டும்.

ஹெக்டர்


ஆர்ப்ரோத்
1 ஜனவரி 1912

தம்பி வால்டருக்கு,

புது வருடம் உனக்கும் மார்ஜரிக்கும் நன்றாக அமையட்டும்.

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. லார்க்ஸ் தாள்களும் வரவில்லை. தபால்காரன் இப்போது என் ஜன்னலைப் பார்க்காமலே நடந்துபோகிறான்.

எனக்கு நெஞ்சில் சளி கட்டி மூன்று வாரம் படுத்துவிட்டேன். நேற்றுதான் எழுந்தேன். நள்ளிரவு மணி அடித்ததும் திருமதி ஸ்பிங்க் என் கையில் ஒரு நிலக்கரித் துண்டைக் கொடுத்து வாசலுக்கு வெளியே தள்ளினாள். புத்தாண்டில் முதல் அடி வைத்து வருபவன் கறுத்த முடிக்காரனாக இருந்தால்தான் வீட்டுக்கு நல்லதாம், தெருவில் அப்படி யாரும் கிடைக்கவில்லையாம். "எனக்கு முடியே இல்லையேம்மா" என்றேன். "பரவால்ல, மனசு கறுப்புதானே, அது போதும். சீக்கிரம் தட்டுங்க, குளிருது" என்று உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டாள். தட்டினேன். நிலக்கரியைக் கொடுத்தேன். கேக் கொடுத்தாள். இருமிக்கொண்டே தின்றேன்.

உன்னோடு சண்டை போடக்கூட இப்போது தெம்பில்லை, வால்டர். படுக்கையில் கிடந்தபோது ஒன்று யோசித்தேன். நான் வாழ்நாள் முழுவதும் சுவர்கள் வரைந்தேன். அந்தச் சுவர்களுக்குள் யாரோ ஜெபம் செய்கிறார்கள், யாரோ பிள்ளை பெறுகிறார்கள், யாரோ சாகிறார்கள். யார் வரைந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நீ கேட்டிருக்க வேண்டும். ஊரார் கேட்காதது எனக்கு வலிக்கவில்லை. உனக்குத் தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் கடைசி வரைதான். அதற்குப் பிறகு கேட்கமாட்டேன் என்று நினைக்காதே. கேட்பேன். பயன் இருக்காது, அவ்வளவுதான்.

உன் கை எப்படி இருக்கிறது? அதையாவது எழுது.

ஹெக்


ரோத்சே
12 பிப்ரவரி 1912

ஹெக்டர் அண்ணனுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நெஞ்சுச் சளி குறைந்ததா?

படிவம் இத்துடன் வருகிறது. நீங்கள் கேட்டபடியே வாக்கியமும் கையெழுத்தும் இருக்கின்றன. இனி இதைப்பற்றி நமக்குள் பேச்சு வேண்டாம். வாசகசாலை நல்லபடியாக எழும்பட்டும்.

மார்ஜரி


ஆர்ப்ரோத்
15 பிப்ரவரி 1912

மார்ஜரிக்கு,

இருவரும் சுகந்தானே. நான் இருக்கிறேன்.

படிவம் வந்தது. 'கில்மோரன் தேவாலயத்தின் வடிவமைப்பு முழுவதும் என் சகோதரர் ஹெக்டர் ரிண்டூலுடையது.' பதின்மூன்று வருடம் காத்திருந்த வாக்கியம். திருமதி ஸ்பிங்க் சத்தமாக வாசித்தாள். வாசித்துவிட்டு, "இனியாவது மூஞ்சிய நேரா வச்சுக்குங்க" என்றாள். கார்கிலிடம் போய்ச் சொல்லக் கோட்டு மாட்டினேன். ஒரு கையை நுழைத்த நிலையிலேயே கையெழுத்தை இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டேன்.

இது வால்டர் போட்டதல்ல.

பிட்கெய்ர்ன் ஐயாவின் அலுவலகத்தில் பயின்ற எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. கையெழுத்துக்கு அடியில் வரும் கோட்டை முதலில் போடுவார்கள். அதன்மேல்தான் எழுத்தை உட்கார வைப்பார்கள். முதல் விடுமுறைக்கு வந்தபோது சமையலறை மேஜையில் வால்டர் எனக்குச் செய்து காட்டினான். "மொதல்ல அஸ்திவாரம், அப்புறம் சுவரு. ஐயா அப்படித்தான் போடணும்பாரு, ஹெக்." அன்றிலிருந்து அவன் வேறு மாதிரி போட்டதில்லை. கல்யாணப் பதிவேட்டிலும் அப்படித்தான் போட்டான், உன் பக்கத்தில் நின்று. இந்தப் படிவத்தில் எழுத்துகளின் வால்மேல் கோடு ஏறிப் போகிறது. எழுதி முடித்தபிறகு போட்ட கோடு. எழுத்தை நன்றாகவே பழகியிருக்கிறாய். வரிசையை யாரும் உனக்குச் சொல்லவில்லை.

இதை நான் அனுப்பமாட்டேன். பொய்க் கையெழுத்தில் வரும் நியாயம் எனக்கு வேண்டாம். என்னிடமிருந்து ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லும் வாயால், அவன் கையை நான் எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது சொல். அவன் ஏன் போடவில்லை? மறுத்தானா? மறுத்திருந்தால் அதை அவன் வாயாலேயே கேட்க வேண்டும். டன்னெட்டுக்கு எழுதினேன், "மார்ஜரி அம்மாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி வந்தது. செப்டம்பரிலிருந்து என் தம்பியின் எழுத்து ஒன்றையும் நான் பார்க்கவில்லை. இதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். கோபமாக இருந்தேன், யோசிக்கவில்லை.

மார்ஜரி, வால்டர் எங்கே?

ஹெக்டர்


ரோத்சே
20 மார்ச் 1912

ஹெக்டர் அண்ணனுக்கு,

ஒரு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நலம் விசாரிக்கும் இடத்தைத் தாண்டவே முடியவில்லை. அதனால் இந்த முறை அதை விட்டுவிடுகிறேன்.

அவர் இங்கேதான் இருக்கிறார். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். ஆகஸ்டில் படகுத்துறையில் நடந்துகொண்டிருந்தோம். கைத்தடியால் ஒரு படகுக் கொட்டகையின் கூரையைக் காட்டி, "இத வரைஞ்சவனக் கூப்பிட்டு..." என்றார். மிச்சத்தைச் சொல்லவில்லை. கைத்தடி விழுந்தது. பிறகு அவர் விழுந்தார். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது. 'சரி'. பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. என்னைத் தெரிகிறதா என்றாலும் சரிதான்.

உங்கள் முதல் கடிதம் வந்தபோது அவர் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. யாருக்கும் சொல்லக்கூடாது என்று டன்னெட்டிடம் சத்தியம் வாங்கினேன். அவர் முடியாமல் இருக்கிறார் என்று தெரிந்தால் லார்க்ஸ் பள்ளி வேறு அலுவலகத்துக்குப் போய்விடும். அலுவலகமே மூடிவிடும். உங்களிடம் மறைத்ததற்கு இது காரணமல்ல. பித்தளைப் பலகைதான் காரணம். அவர் கை நடுங்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன் என்று சொன்னவர் நீங்கள். அந்தக் கை இப்போது நடுங்கக்கூட இல்லை என்று உங்களுக்கு எப்படி எழுதுவேன்?

உங்களுக்கு நியாயம் செய்ய நினைக்காமல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "கில்மோரன் கோயில ஹெக்டர் அண்ணனா வரைஞ்சாரு?" சரி என்றார். சந்தோஷமாக இருந்தது. பிறகு, "நீங்களா வரைஞ்சீங்க?" என்று கேட்டேன். அதற்கும் சரி. அந்தச் சொல்லை வைத்து நான் என்ன எழுத முடியும்?

புத்தாண்டுக்கு நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அழுதார். எதற்கு என்று தெரியவில்லை. அன்றுதான் கையெழுத்தைப் பழகத் தொடங்கினேன். ஒரு மாதம் பழகினேன். முதலில் கோடு என்று எனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருடம் அவர் பக்கத்தில் இருந்தும் அதை நான் கவனித்ததில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஜனவரியிலிருந்து இடது கையால் வரைகிறார். வேறு எதுவும் இல்லை. கில்மோரனின் மேற்கு முகப்பு மட்டும். ஒன்றை முடித்துவிட்டு மறுபடி அதையே தொடங்குகிறார். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு மணற்கடிகாரம் போடுகிறார். தன் காலம் முடிந்துவிட்டது என்கிறார்போலும் என்று நினைத்து நான் சமையலறைக்குப் போய் அழுதேன். போன வாரம் உங்கள் அக்டோபர்க் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பிறகுதான் அதன் இடுப்பில் குறுக்கே கோடு இருப்பதைப் பார்த்தேன். நேற்று, பார்ப்போம் என்று ஒரு ரப்பரை எடுத்து அந்த மூலைக்குக் கொண்டுபோனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த இடது கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று தெரியாது. 'சரி' என்றார். விடச் சொல்கிறார் என்று புரிந்தது. ஒரு தாளை இத்துடன் அனுப்புகிறேன்.

ஞாயிறு பிற்பகல் போதகர் வந்து உட்காருவது வழக்கம். அவர் படியேறும் சத்தம் கேட்டால் இவர் இருமுகிறார். தாளைப் போர்வைக்குள் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

நான் மிகவும் களைத்துப்போயிருக்கிறேன், அண்ணா. உங்கள் கோபம் எதுவானாலும் எழுதுங்கள்.

மார்ஜரி


ஆர்ப்ரோத்
25 மார்ச் 1912

மார்ஜரிக்கு ஹெக்டர்.

உன் கடிதத்தை மூன்று நாளாக வைத்திருந்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்று இத்தனை கடிதத்திலும் நான் ஒழுங்காகக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நேரில் பதில் சொல்லலாம்.

தாளைப் பார்த்தேன். முகப்பு வளைவு வலது பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இடது கை என்பதால் விட்டுவிடுகிறேன். மணிக்கூண்டின் ஜன்னல் அளவு சரி. மூலைக் குறியில் இடுப்புக் கோடு சரியாக இருக்கிறது. "சட்டம் போட்டு மாட்டலாமா?" என்று திருமதி ஸ்பிங்க் கேட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, கேக்கல" என்று போய்விட்டாள். அன்று மீனைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

எனக்குச் செய்தது அநியாயம். அவன் விழுந்ததால் அது நியாயமாகிவிடாது. நீ மறைத்ததும் தப்பு. இந்த இரண்டிலும் என் எண்ணம் மாறவில்லை, மாறாது. அதை ஓரமாக வைத்துவிட்டு, ஆக வேண்டியதை எழுதுகிறேன்.

அவன் நிலைமையை அலுவலகத்துக்கும் லார்க்ஸ்காரர்களுக்கும் இந்த வாரமே சொல்ல வேண்டியது நீ. பள்ளி கைவிட்டுப் போனால் போகட்டும்.

போகாவிட்டால், தாளில் தன் பெயரைப் போட வேண்டியது டன்னெட். ஆகஸ்டிலிருந்து வரைகிறவன் அவன்தான். அந்த அலுவலகத்துக்கு ஒரு ஹெக்டர் போதும்.

நீ கையெழுத்திட்ட படிவத்தை எரிக்க வேண்டியது திருமதி ஸ்பிங்க். எரித்துவிட்டாள்.

விண்ணப்பத்தை அனுப்ப வேண்டியது நான். வேறு படிவத்தில் எழுதி இன்று தபாலில் போட்டேன். வேலை கொடுத்தவரின் கையெழுத்துக்கான இடத்தில், 'உயிரோடு இருக்கிறார், கையெழுத்திட இயலாது' என்று எழுதியிருக்கிறேன். இது போதாது என்று திருப்பி அனுப்ப வேண்டியது கழகம். அனுப்புவார்கள். வால்டரின் தாளை அதோடு வைக்கவில்லை. அது அவர்கள் பார்ப்பதற்கு அல்ல.

வாசகசாலைத் தாள்களைக் கார்கிலிடம் கொடுத்தாயிற்று. டண்டீக்காரர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும். மூன்று ஜன்னலும் கடலைப் பார்க்கின்றனவா என்றும், மூலையில் இருப்பதை எவனும் அழிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டியது கார்கில். "அழிக்க வந்தா தண்ணியில தள்ளிடுறேன் ஐயா" என்றார். அவ்வளவு வேண்டாம் என்றேன்.

வரைவதற்கு மடியில் வைக்கச் சாய்பலகை ஒன்று செய்விக்க வேண்டியதும், மிருதுவான பென்சில் வாங்க வேண்டியதும் நீ. கடினமான பென்சில் இடது கைக்குத் தாளைக் கிழிக்கும். ரப்பர் அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

நாக்கு திரும்பும் அன்று, கில்மோரன் தேவாலயத்தை வரைந்தது தன் அண்ணன் என்று வாயால் சொல்ல வேண்டியது வால்டர். 'சரி' செல்லாது. அதற்காக நான் காத்திருப்பேன் என்று அவனிடம் சொல். எத்தனை நாளானாலும்.

புதன்கிழமைக் கப்பலுக்குத் துறைக்கு வர வேண்டியது யாருமில்லை. வழி கேட்டு வந்துவிடுவேன்.

ஞாயிறு பிற்பகல் அவன் வரையும்போது மாடிப்படிக்குக் கீழே நிற்க வேண்டியது நான். போதகர் வந்தால் இரும வேண்டியதும் நான்தான். எனக்கு இப்போது இருமலுக்குக் குறைவில்லை.

ஹெக்